இருநூற்றில் ஒரு முள்

அத்தியாயம் ஏழு

நிலக்கரி ஆய்வகத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்து ருஸ்மினா அழுததை முதலில் பார்த்தவர் யார் என்பதில் எங்கள் ஆற்றங்கரைச் சந்தில் இன்றும் இரண்டு கட்சி. சலவைக்கடைக்காரி தான்தான் என்கிறாள். தையற்காரர் தாம்தான் என்கிறார். இருவரும் அந்த நேரத்தில் வேலை பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. மகாகம் ஆற்றில் ஒரு மிதவை, முதுகில் கறுப்பு மலையைச் சுமந்துகொண்டு நங்கூரத்தில் நின்றது. நாலு மணிக்கு ஆற்றில் நீரேற்றம் வந்ததும் கடலுக்குப் புறப்பட்டுவிடும். அதற்கு முன் இரண்டரைக்குத் துறை அதிகாரி வந்து கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தோடு மிதவைக்கு வழி திறக்கும். ருஸ்மினாவுக்கு வேலை போகும். பொய் முடிவு எழுதிய ரசாயனக்காரி என்ற பேரும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பேரோடு எங்கள் சமரிண்டாவில் எந்த ஆய்வகத்திலும் கூட்டிப் பெருக்கும் வேலைகூடக் கிடைக்காது.

ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் மஸ்துரா. ஊரில் துப்பறிகிற பெண் இவள் ஒருத்திதான். போன வருஷம் காணாமற்போன இழுவைப் படகைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் பேர் பெற்றவள். அந்தப் படகு சொந்தக்காரரின் மைத்துனர் வீட்டுக் கொல்லையில் இருந்தது சந்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்தவன் காஸ்புல், அவளுடைய உதவியாளன். முன்பு ஆற்றுப் படகில் டிக்கெட் கிழித்தவன்; அந்த வேலை போனதற்கும் அவன் வாய்தான் காரணம்.

"அழுது முடிச்சாச்சா, இல்ல நாங்க போயி காப்பி குடிச்சிட்டு வரட்டுமா?" என்றான் காஸ்புல்.

"நீ போயி குடிச்சிட்டு அங்கயே இரு," என்றாள் மஸ்துரா. "சொல்லு ருஸ்மினா. என்ன நடந்துச்சு?"

எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்களை இபு என்பார்கள், ஆண்களைப் பாக் என்பார்கள். ருஸ்மினா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கெழம மிதவையில இருந்து மாதிரிக் கரி எடுத்தாங்க, இபு. அரைச்சு ரெண்டு டப்பாவுல போட்டோம். ஒண்ணு நான் சோதிக்க. இன்னொண்ணு முத்திர ஒட்டி அலமாரியில, சாட்சிக்கு. மிதவையோட காகிதத்துல மணல்துறைச் சுரங்கத்துக் கரின்னு இருக்கு. என் சோதனையில அது குங்கிலிய மலைக் கரி."

குங்கிலிய மலை என்றால் எங்கள் ஊரில் எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள். அங்கே மண்வெட்டி வைக்கவே அனுமதி கிடையாது. இரவோடு இரவாக யாரோ தோண்டுகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இதையும் யாரும் கேட்கவில்லை.

"நேத்து சாயங்காலம் முடிவ எழுதிக் குடுத்தேன். இன்னிக்கு ஒம்பது மணிக்கு தலைவர் விர்யோனோ எல்லார் முன்னாடியும் சாட்சி டப்பாவ ஒடச்சு, என் கையாலயே சோதிக்கச் சொன்னாரு. சோதிச்சேன். மணல்துறைக் கரின்னு வந்துச்சு. நீ பொறந்த ஊரு அந்த மலையடிவாரம், அதான் ஆசப்பட்டத எழுதிட்டேன்னு சொல்றாரு."

"உன்னோட டப்பாவுல மிச்சம் இருக்குமே?"

"இருக்கு. அதுல நானே எதையாவது கலந்திருப்பேனாம்."

"வா, நீ சோதிச்ச மெஷினக் காட்டு," என்றாள் மஸ்துரா.

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் விர்யோனோ தம் கையாலேயே எழுதி ஒட்டிய இரண்டு கட்டளைகள். கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. எந்த மாதிரியையும் தொண்ணூறு நாளுக்கு முன் எறியாதே. இருபத்திரண்டு வருஷமாக மனிதர் இரண்டையும் மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கையுறைப் பெட்டி மட்டும் ருஸ்மினாவின் அறையில் இருக்கும். எட்டு மணிக்கு அவள் வந்து பூட்டைத் திறந்தால்தான் யாருக்கும் கையுறை.

அந்த அறையின் நடுவே ஒரு குளிர்பதனப் பெட்டி அளவுக்கு நின்றது நிறைமாலை அளவி. அப்படித்தான் புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம். காஸ்புல் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"இது என்ன செய்யும், ருஸ்மினா? பாட்டுப் பாடுமா?"

"எடை போடும். ஒரு சிட்டிகை கரிய காத்தே இல்லாத குழாயில வச்சு ஆவியாக்கி, அதுல கெளம்புற மூலக்கூறுங்களுக்கு மின்னேத்தம் குடுத்து ஓட விடும். லேசானது மொதல்ல வந்து சேரும், கனமானது பின்னால. வந்த நேரத்த வச்சு எடையச் சொல்லிடலாம்."

"கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. ஆனா அங்க கனமானவங்கதான் மொதல்ல வந்து சேருவாங்க."

ருஸ்மினா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். இரண்டு காகிதங்களை மேசையில் விரித்தாள். இரண்டிலும் மீன்முள்ளை நிறுத்தி வைத்ததுபோல உயரமும் குட்டையுமாகக் கோடுகள்.

"இது நேத்து என் டப்பா. நானூத்திப் பன்னெண்டுல ஒரு ஒசந்த முள்ளு தெரியுதா? அது குங்கிலியம். அந்த மலையில அந்தக் காலத்துல குங்கிலிய மரக்காடு. மரம் கரியாகிப் பல லட்சம் வருஷம் ஆச்சு, பிசினோட அடையாளம் போகல. மணல்துறைக் கரி உப்புச் சதுப்புல வெளஞ்சது. அங்க அந்த மரமே இல்ல. சூடு, சாம்பல், கந்தகம் எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். இந்த ஒரு முள்ளுதான் காட்டிக்குடுக்கும்."

"இது இன்னிக்கு சாட்சி டப்பா?"

"ஆமா. நானூத்திப் பன்னெண்டு வழிச்செடுத்த மாதிரி இருக்கு."

மஸ்துராவுக்கு ரசாயனம் தெரியாது. அதனால் அவள் எல்லாரும் பார்த்த இடத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தின் இடது பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இந்தக் குட்டி முள்ளு ரெண்டும் யாரு? நேத்துக் காகிதத்துல காணோமே."

ருஸ்மினா குனிந்தாள். "இருநூறு. இருநூத்தி இருவத்தெட்டு." நிமிர்ந்தவள் மறுபடியும் குனிந்தாள். "இது கரியே இல்ல, இபு. தேங்கா எண்ணெ. சுட வச்சா ஒடஞ்சு வர்ற அமிலம்."

"அப்போ இந்த டப்பாவுக்குள்ள ஒரு எண்ணெ விரல் போயிருக்கு," என்றாள் மஸ்துரா. "பழைய கரியக் கொட்டிட்டு புதுசப் போட்ட விரல். அலமாரிச் சாவி யார் யார்கிட்ட?"

"தலைவர்கிட்ட ஒண்ணு. மாதிரி எடுக்குற மஸ்ரானிகிட்ட ஒண்ணு. முத்திரைக் காகிதத்துலயும் அவங்க ரெண்டு பேரு கையெழுத்துதான். மஸ்ரானி அம்பது காகிதத்துல மொத்தமாப் போட்டு வச்சிருவாரு, கல்யாணப் பத்திரிகையில பேரெழுதுற மாதிரி."

கதவருகே யாரோ தொண்டையைச் செருமினார்கள். விர்யோனோ. இஸ்திரி கலையாத சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. ஜாவாவிலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் எங்களையெல்லாம் நேற்று இறங்கிய ஊரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

"எண்ணெயா?" என்று சிரித்தார். "அப்ப நான் தப்பிச்சேன். ஆறு வருஷமா எனக்கு சர்க்கரை. பொரிச்சது எதையும் தொடுறதில்ல. என் மனைவியக் கேளுங்க, டாக்டரக் கேளுங்க, மதிலோரக் கடையில கேளுங்க. இரண்டரைக்கு அதிகாரி வந்துருவாரு, இபு. அதுக்குள்ள உங்க விளையாட்ட முடிச்சுக்குங்க."

மதிலோரக் கடை என்றால் அச்சில் இசாவின் பழ பஜ்ஜிக் கடை. அச்சில் என்றால் சின்னம்மா. ஆனால் இசாவை அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். ஆய்வக மதிலை ஒட்டி ஒரு வாணலி, ஒரு பெஞ்சு, மதில்மேல் ஒரு தட்டு. கடை அவ்வளவுதான். சந்தின் செய்திகளெல்லாம் அந்த வாணலியில்தான் பொரியும்.

"அச்சில், எந்த எண்ணெயில சுடுறீங்க?" என்று கேட்டான் காஸ்புல்.

"என்னப் பாத்து கேக்குற கேள்வியா இது, உத்து? ஊரு பூரா பாமாயிலுக்குப் போச்சு. நான் மட்டும்தான் தேங்கா எண்ணெ. முகத்துல வாசன அடிக்கல?" உத்து என்றால் பையன்.

காஸ்புல் மஸ்துராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். ஊருக்கே ஒரே ஒரு தேங்காய் எண்ணெய் வாணலி. இருநூறாம் முள்ளின் பிறந்த வீடு தெரிந்துவிட்டது.

"இபு, ஒரு பஜ்ஜி?"

"வேணாம் அச்சில், வயிறு சரியில்ல."

"தின்ன வேணாம், தொட்டாவது வை. வேலையா அலையிற பொண்ணு. கபுஹுனான் ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

மஸ்துரா சுண்டுவிரல் நுனியால் ஒரு பஜ்ஜியைத் தொட்டு, அந்த விரலைக் கழுத்தில் வைத்து எடுத்தாள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. கொடுத்த தீனியை வேண்டாம் என்று நடந்தால் அன்றைக்குப் பாம்பு கடிக்கும், படகு கவிழும், ஏதாவது ஒன்று நடக்கும்; அதுதான் கபுஹுனான். தின்ன முடியாவிட்டால் தொட்டுவிட வேண்டும். படித்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே செய்வார்கள். ஆனால் செய்வார்கள்.

பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, விரல் பளபளக்கப் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, மஸ்ரானி. அலமாரிச் சாவி அவர் இடுப்பில் கிலுங்கியது.

காஸ்புல் சித்தப்பா முறை வைத்துக் குழைந்துகொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "அமாங், காலையிலயும் சாப்பிட்டீங்களோ?"

"ஏழு மணிக்கு நாலு. ஏன், நீயா போட்டே மாவு?"

"சாப்பிட்டுட்டு அலமாரிப் பக்கம் போனீங்களோ?"

மஸ்ரானியின் வாய் அசைவது நின்றது. அவருக்கு ஐந்து பிள்ளைகள், ஒரு நல்ல பேர், அந்தப் பேரைத் தவிர வேறு சொத்தில்லை. "நான் அலமாரியத் தொறக்கல. வேணும்னா சாவியப் புடி. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"சாவி வேணாம் அமாங், அந்த விரலக் குடுங்க போதும்," என்றான் காஸ்புல். சலவைக்கடைக்காரி அதற்குள் மூன்று வீட்டுக்குச் செய்தி சொல்லிவிட்டாள். பதினொன்றரைக்கு எங்கள் சந்தில் மஸ்ரானி கைதாகி, விசாரணை முடிந்து, சிறைக்கே போய்விட்டார்.

மஸ்துரா அவர் விரலைப் பார்க்கவில்லை. அவர் தட்டைப் பார்த்தாள். பஜ்ஜிக்குப் பக்கத்தில் செக்கச்செவேல் என்று மிளகாய்ச் சம்பல்.

"அச்சில், சம்பல் இல்லாம பஜ்ஜி திங்குறவங்க யாராவது உண்டா?"

"எங்கிட்டயா? சம்பல் தொடாம தின்னா துட்டு வாங்க மாட்டேன், தொரத்திருவேன்."

மஸ்துரா போனை எடுத்தாள். "ருஸ்மினா, மெளகாக் காரத்துக்கு ஒரு எடை இருக்குமா?"

"இருக்கு. முந்நூத்தி அஞ்சு."

"இன்னிக்குக் காகிதத்துல முந்நூத்தி அஞ்சுல முள்ளு இருக்கா?"

கொஞ்ச நேரம் காகிதம் சரசரத்தது. "இல்ல, இபு. சுத்தமா இல்ல."

மஸ்துரா போனை வைத்தாள். "அமாங், நல்லா சாப்பிடுங்க. நீங்க இல்ல. உங்க விரல் போயிருந்தா அந்தக் கரி காரமா இருந்திருக்கும்."

மஸ்ரானி பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பஜ்ஜியைச் சம்பலில் முக்கினார். காஸ்புல் தலையைச் சொறிந்தான். "இபு, எண்ணெ இருக்கு, காரம் இல்ல. அப்போ தின்னவன் இல்ல."

"தின்னவனே இல்ல. தொட்டவன்."

மூவரும் ஒரே நேரத்தில் அச்சில் இசாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னிக்குக் காலையில உங்க பஜ்ஜிய வேணாம்னு சொன்னது யாரு?" என்று கேட்டாள் மஸ்துரா.

அச்சில் இசா கரண்டியை வாணலி விளிம்பில் தட்டினாள். அவள் வாழ்க்கையில் இதைவிட அவமானமான கேள்வி கிடையாது. "என் பஜ்ஜிய வேணாங்குறது இந்தச் சந்துல ஒரே ஆளு. விர்யோனோ. தெனம் ஏழரைக்கு இந்த மதில்கிட்ட கார நிறுத்துவாரு. தெனம் கேப்பேன். தெனம் வேணாம்பாரு. தொட்டாவது போங்க பாக்னு சொன்னா, நான் ரசாயனம் படிச்சவன், உங்க கபுஹுனான் எல்லாம் எனக்குக் கெடையாதுன்னு சிரிப்பாரு. ஆறு வருஷத்துல ஒரு நாள் தொட்டதில்ல. இதுல பொய் சொல்லக் கூடாது."

காஸ்புல் முகம் விழுந்தது. ஆள் கிடைத்த அதே மூச்சில் அவருக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. அதுவும் யாராலும் அசைக்க முடியாத சாட்சி.

அச்சில் வாணலிப் பக்கம் திரும்பி மாவு போட ஆரம்பித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால்தான் மதில், மதில்மேல் தட்டு. "ஆளுங்கள விடு. இந்தப் பூனைதான் எனக்குப் பெரிய தொல்ல. தெனம் காலையில தட்டு ஓரத்துல ஒரு பஜ்ஜியில பள்ளம் விழுந்திருக்கு. தின்னாலும் பரவால்ல, தொட்டு வச்சிட்டுப் போகுது."

"இன்னிக்குமா?"

"இன்னிக்கும்தான்."

மஸ்துரா மதிலையும், அதை ஒட்டி நின்ற விர்யோனோவின் காரையும் பார்த்தாள். பிறகு எழுந்து, மதில்மேல் இருந்த தட்டை இன்னும் ஒரு முழம் கார் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"காஸ்புல், உனக்குப் பசிக்குதா?"

"எப்பவும்."

"இந்தத் தட்டுல ஒண்ணு கூடத் தொடாத. தொட்டா உன் கைய ஒடைப்பேன்."

இரண்டரைக்கு அதிகாரி வந்தார். இரண்டு காகிதங்களையும் பார்த்தார், ருஸ்மினாவைப் பரிதாபமாகப் பார்த்தார், விர்யோனோ நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டார். மிதவைக்கே போய்க் கையெழுத்துப் போடுவதுதான் முறை என்று மஸ்துரா இடையில் ஒரு வார்த்தை சொன்னாள். அதிகாரி ஆமாம் என்றார். படித்துறையில் படகு தயாராக நின்றது. விர்யோனோவுக்கு ஆறு என்றாலே ஆகாது, நீச்சல் தெரியாது. இருந்தாலும் முன்னே நடந்தார். பின்னால் அதிகாரி, ருஸ்மினா, மஸ்ரானி. சந்து முழுக்கச் சன்னலில்.

"பாக் விர்யோனோ," என்று கூப்பிட்டாள் அச்சில் இசா, மஸ்துரா சொல்லிக்கொடுத்தபடியே. "தண்ணியில போறீங்க. ஒரே ஒரு பஜ்ஜி."

"வேணாம் இசா. எத்தன தடவ சொல்றது?"

"சரி, உங்க இஷ்டம்." அச்சில் வாணலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விர்யோனோ நாலு அடி நடந்தார். நின்றார். காரில் எதையோ மறந்ததுபோல இடுப்பைத் தடவிக்கொண்டு திரும்பினார். மதிலோரமாக வந்தார். வலது கைச் சுட்டுவிரல் தானாக, பார்வைகூட அங்கே போகாமல், தட்டின் ஓரத்துப் பஜ்ஜியை ஓர் அழுத்து அழுத்தி, கழுத்துக்குப் போய்வந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி அவ்வளவு நேர்த்தி.

காரின் மறுபக்கத்திலிருந்து காஸ்புலின் தலை எழுந்தது.

"மியாவ்," என்றான்.

விர்யோனோ விரலை மடக்கிக்கொண்டார். "சும்மா... பழக்கம். இங்க இத்தன வருஷம் இருந்துட்டு... இது ஒரு குத்தமா?"

"இது குத்தமில்ல, பாக்," என்றாள் மஸ்துரா. "காலையில ஏழரைக்கும் இதத்தான் செஞ்சீங்க. உள்ள போனப்ப ருஸ்மினா இன்னும் வரல. கையுறைப் பெட்டி அவ அறைக்குள்ள. அவ வர்றதுக்குள்ள முடிக்கணும். இந்த விரலோட டப்பாவத் தொறந்தீங்க. தேங்கா எண்ணெ இருக்கு, காரம் இல்ல. திங்காம தொட்ட ஆளு இந்தச் சந்துல நீங்க ஒருத்தர்தான்."

"ஒரு பஜ்ஜிய வச்சுக்கிட்டு என்னக் குத்தவாளின்னு சொல்லுவீங்களா?" விர்யோனோ அதிகாரியைப் பார்த்தார். "பழைய கரி எங்கன்னு கேளுங்க. இருந்தாத்தான அவங்க சொல்றது நெசம்?"

அதிகாரி தயங்கினார். அது நியாயமான கேள்விதான். சன்னல்களில் முணுமுணுப்பு எழுந்தது. மூன்று மணி, மிதவை நங்கூரச் சங்கிலியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ருஸ்மினா பேசினாள்.

"கார்ல இருக்கும்."

"எப்படி சொல்றே?" என்றார் அதிகாரி.

"சார் தொண்ணூறு நாளுக்கு முன்னாடி எந்த மாதிரியையும் எறிய மாட்டாரு. அவரால முடியாது. போன வருஷம் ஒரு டப்பாவ எம்பத்தெட்டாம் நாள் எறிஞ்சதுக்கு எங்கிட்ட ஒரு வாரம் பேசாம இருந்தாரு."

விர்யோனோ அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, பெருமை இருந்ததா என்பதிலும் சந்தில் இரண்டு கட்சி. சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து அதிகாரியிடம் தாமே கொடுத்தார்.

டிக்கியில் உதிரி டயருக்குப் பக்கத்தில், உறையில் போட்டு, சனிக்கிழமைத் தேதி எழுதிய காகிதத்தோடு இருந்தது கரி. எறிய வேண்டிய நாளைக்கூட அழகான கையெழுத்தில் குறித்து வைத்திருந்தார்.

மூன்றே முக்காலுக்கு நிறைமாலை அளவி தன் காகிதத்தைத் துப்பியது. ருஸ்மினா அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவள் நடையே சொல்லிற்று. நானூற்றுப் பன்னிரண்டில் குங்கிலிய மரம் நெடுநெடுவென்று நின்றது. அதிகாரி கையெழுத்துப் போட்டார், வேறு காகிதத்தில். நாலு மணிக்கு ஏற்றம் வந்தது, மிதவை போகவில்லை.

"எதுக்கு செஞ்சீங்க சார்?" என்று கேட்டாள் ருஸ்மினா.

"கரிக்காரங்க சுரபாயாவுல பெரிய ஆய்வகத்துக்குத் தலைவர் பதவி தர்றேன்னாங்க," என்றார் விர்யோனோ, தரையைப் பார்த்து. "சொந்த ஊருக்குப் போயிரலாம்னு பாத்தேன்."

"ஊருன்னா எது சார்?" என்றான் காஸ்புல். "கழுத்துல பஜ்ஜி எண்ணெ தடவுற ஆளுக்கு எங்க ஊருதான் ஊரு."

சந்தை அடைத்த கூட்டத்தால் போலீஸ் ஜீப் உள்ளே நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. விர்யோனோ நடந்துதான் போக வேண்டியிருந்தது. கடையைத் தாண்டும்போது அச்சில் இசா தட்டை நீட்டினாள். இந்தமுறை அவள் எதுவும் கேட்கவில்லை. விர்யோனோ ஒரு பஜ்ஜியை எடுத்தார். சம்பலில் முக்கினார். ஆறு வருஷத்துச் சர்க்கரை விரதத்தை அந்த இடத்திலேயே நின்று முடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது; காரம்தான் என்று நினைக்கிறேன்.

மூலக்கூறுதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது என்று மஸ்துரா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். அச்சில் இசா ஒப்புக்கொள்ளவில்லை.

"ஆறு வருஷமா வெறுமனே தொட்டுட்டுப் போனாரு. கபுஹுனான் எத்தன நாளுதான் பொறுக்கும்? இன்னிக்குக் காலையிலயே ஒண்ணு தின்னிருந்தா?"

மஸ்துரா பதில் சொல்ல வாயெடுத்தாள். தின்றிருந்தால் காகிதத்தில் காரமும் சேர்ந்து வந்திருக்கும். எல்லாரும் மஸ்ரானியைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். விர்யோனோ சுரபாயா போயிருப்பார்.

வயிறு சரியில்லாததையும் மறந்து, தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்து முழுசாகத் தின்றாள்.